எம்விஎஸ், ஓஎஸ்/390, இசட்/ஓஎஸ்: மெயின்ஃபிரேம் பெயர்களையும் அவற்றைப் பற்றிய செய்திகளையும் வாசிப்பது எப்படி?

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலும், செட்டிக்கரையில் உள்ள தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியிலும் கடைசி ஆண்டு படிக்கும் பிள்ளைகளின் கைபேசிகளுக்கு இப்படிப்பட்ட வேலை அறிவிப்புகள் வருவதுண்டு: "எம்விஎஸ், ஓஎஸ்/390, இசட்/ஓஎஸ், ஜேசிஎல், கோபோல் தெரிந்தவர்கள் தேவை. பணியிடம் பெங்களூரு." கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பெண் இதைக் காட்டி, "அண்ணா, முதல் மூன்றும் இயங்குதளங்கள் என்கிறார்கள். மூன்றையும் தனித்தனியாகப் படிக்க வேண்டுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம். மூன்றும் ஒரே இயங்குதளம்தான். 1974-இல் அதற்கு ஒரு பெயர், 1996-இல் இன்னொரு பெயர், 2001 முதல் வேறொரு பெயர். (பின்னால் வரும் ஜேசிஎல், எந்த வேலையை எப்படி ஓட்டுவது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் மொழி; கோபோல், வணிகக் கணக்குகளுக்கான நிரல்மொழி.) அறிவிப்பை எழுதியவர் பழைய அறிவிப்பிலிருந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் படிக்கும் பிள்ளைகள் மிரண்டு போகிறார்கள். பாடத்தில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள்கூட, பெயர்களைப் பார்த்த மாத்திரத்தில் "இது நமக்கு ஆகாது" என்று ஒதுங்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. பெயர்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் வேலை அறிவிப்பும் புரியும், மெயின்ஃபிரேம் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதில் எது சரி, எது தவறு என்பதும் புரியும்.

முதலில் மெயின்ஃபிரேம் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வங்கி, காப்பீடு, விமான முன்பதிவு போன்ற துறைகளில் ஒரே நேரத்தில் வந்து குவியும் லட்சக்கணக்கான கணக்கு மாற்றங்களைத் தவறில்லாமல், நிற்காமல் முடித்துத் தரும் பெரிய கணினி அது. வானிலைக் கணிப்பு போன்ற கடுமையான கணிதத்துக்கான சூப்பர் கம்ப்யூட்டர் வேறு, இது வேறு. பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதுண்டு. இன்று உலகில் மெயின்ஃபிரேம் என்றாலே பெரும்பாலும் ஐபிஎம் நிறுவனத்தின் இயந்திரங்கள்தான். ஓசூரைத் தாண்டினால் வரும் எலெக்ட்ரானிக் சிட்டியில் நம் பகுதிப் பிள்ளைகள் பார்க்கும் மெயின்ஃபிரேம் வேலை பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் உரியது. நியூயார்க்கில் நள்ளிரவு என்றால் இங்கே காலை ஒன்பதரை அல்லது பத்தரை மணி. அங்கே அன்றைய கணக்கை முடிக்கும் இரவு நேரத் தொகுதி வேலைகளை, அதாவது மொத்தமாகச் சேர்த்து ஓட்டும் வேலைகளைக் கண்காணிப்பது இங்கே காலை நேரப் பணியாக அமைந்துவிடுகிறது.

சாய்கோட்டுக்கு முன்னும் பின்னும்

பெயர்களின் கதை 1964 ஏப்ரல் 7-இல் தொடங்குகிறது. அன்று ஐபிஎம் 'சிஸ்டம்/360' என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதுவரை சிறிய கணினிக்கு எழுதிய நிரல் பெரிய கணினியில் ஓடாது. இயந்திரம் மாறினால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். 360 குடும்பத்தில் சிறியது முதல் பெரியது வரை எல்லா மாதிரிகளும் ஒரே கட்டளைத் தொகுப்பைப் புரிந்துகொள்ளும். வட்டத்தின் 360 பாகைகளையும்போல எல்லாத் தேவைகளையும் சுற்றி வளைக்கும் கணினி என்பதைச் சொல்லத்தான் அந்த எண்ணைப் பெயரில் வைத்தார்கள்.

இயங்குதளத்துக்கு 'ஓஎஸ்/360' என்று பெயரிட்டார்கள். இதை வாசிக்கும் முறை எளிது: சாய்கோட்டுக்கு முன்னால் மென்பொருள், பின்னால் அது ஓடும் இயந்திரக் குடும்பம். '360-க்கான ஓஎஸ்', அவ்வளவுதான். ஐபிஎம் பெயர்களில் பாதிக் குழப்பம் இந்தக் கோட்டைக் கவனிக்காததால் வருவது.

ஒரே இயங்குதளம் எல்லா மாதிரிகளிலும் ஓட வேண்டும் என்பதுதான் திட்டம். நடக்கவில்லை. ஃபிரெட் புரூக்ஸ் தலைமையில் உருவான ஓஎஸ்/360 நினைத்ததைவிடப் பெரிதாக வளர்ந்தது, தாமதமும் ஆனது. சிறிய இயந்திரங்களின் நினைவகத்தில் அதற்கு இடம் போதவில்லை. அவற்றுக்காக எளிய இயங்குதளங்களைத் தனியாக எழுத வேண்டியதாயிற்று. காந்த நாடாவிலிருந்து இயங்கியது ஒன்று, வட்டிலிருந்து இயங்கியது ஒன்று. வட்டிலிருந்து இயங்கியதன் பெயர் 'டாஸ்/360'. 1966-இல் வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது.

டாஸ் என்றதும் 1981-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்எஸ்-டாஸ் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் உறவே கிடையாது. வட்டிலிருந்து இயங்குவது என்ற பொருளில் பல நிறுவனங்கள் இதே பெயரை வைத்துக்கொண்டன. பழைய மெயின்ஃபிரேம் ஆவணத்தில் டாஸ் என்று பார்த்துவிட்டு, வங்கி தன் கணக்குகளை வீட்டுக் கணினியில் வைத்திருந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

ஓஎஸ்/360-க்குள்ளேயே மூன்று வடிவங்கள் இருந்தன. பிசிபி ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும். எம்எஃப்டி குறிப்பிட்ட எண்ணிக்கையில் பல வேலைகளை ஒன்றாக நடத்தும். எம்விடி, தேவைக்கேற்ப எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து நடத்தும். நம் கதை எம்விடி வழியாகத்தான் நீள்கிறது.

ஒரே நிலம், மூன்று மாவட்டம்

1972 ஆகஸ்ட் 2-இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/370 கணினிகளுக்கு மெய்நிகர் நினைவகத்தை அறிவித்தது. இயந்திரத்தில் உண்மையில் இருக்கும் நினைவகத்தைவிடக் கூடுதலாக இருப்பதுபோல் நிரலுக்குக் காட்டும் ஏற்பாடு அது. எம்விடியின் வாரிசுக்கு 'ஓஎஸ்/விஎஸ்2' என்று பெயர் வைத்தார்கள்; இங்கே கோட்டுக்குப் பின்னால் இருப்பது இயந்திரம் அல்ல, மெய்நிகர் நினைவகத்தைக் குறிக்கும் விஎஸ். அதன் முதல் வெளியீட்டில் எல்லா நிரல்களும் ஒரே மெய்நிகர் வெளியைப் பங்கிட்டுக்கொண்டன; அதை எஸ்விஎஸ் என்று அழைத்தார்கள். 1974-இல் வந்த இரண்டாம் வெளியீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் அதற்கே உரிய முழு வெளி கிடைத்தது, அது எம்விஎஸ். அதிகாரப்பூர்வப் பெயர் 'ஓஎஸ்/விஎஸ்2 இரண்டாம் வெளியீடு' என்றே இருந்தாலும், அதோடு பழகியவர்கள் நாவில் எம்விஎஸ்தான் நிலைத்தது. பிறகு ஐபிஎம்மும் அதையே விற்பனைப் பெயராக்கிக்கொண்டது.

அதற்குப் பின் வந்த ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்குப் பின்னாலும் பெரும்பாலும் நினைவக முகவரியின் அளவு இருக்கிறது. தொடக்கத்தில் முகவரிக்கு 24 பிட்கள். எட்டக்கூடிய எல்லை 16 எம்பி. 1981-இல் அறிவித்து 1983-இல் வந்த எம்விஎஸ்/எக்ஸ்ஏ, அதை 31 பிட்டாக்கி 2 ஜிபி வரை எட்டியது. 31 என்பது அச்சுப் பிழை அல்ல. மிச்சமிருக்கும் ஒரு பிட், இந்த முகவரி பழைய 24 பிட் வகையா புதிய 31 பிட் வகையா என்று காட்டப் பயன்படுகிறது. பழைய நிரல்கள் கைவிடப்படாமல் ஓட வேண்டும் என்பதற்காக ஒரு பிட்டையே விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு மெயின்ஃபிரேம்மீது மதிப்பு கூடுவது இம்மாதிரி இடங்களில்தான். அந்த 16 எம்பி எல்லையை இன்றும் 'லைன்' என்கிறார்கள். 2 ஜிபி எல்லைக்கு 'பார்' என்று பெயர். "இந்த நிரல் லைனுக்குக் கீழே ஓடுகிறது" என்று மூத்தவர் ஒருவர் சொன்னால், அவர் பேசுவது 1983-க்கு முந்தைய எல்லையைப் பற்றி.

1988-இல் எம்விஎஸ்/இஎஸ்ஏ வந்தது. 1990-இல் இயந்திரக் குடும்பத்தின் பெயர் சிஸ்டம்/390 ஆனது; ஆனால் அதில் ஓடிய இயங்குதளம் ஐந்தாண்டுகளுக்கு மேல் எம்விஎஸ்/இஎஸ்ஏவாகவே இருந்தது. அதன் பிறகுதான், அதுவரை தனித்தனியாக வாங்க வேண்டியிருந்த பல மென்பொருள்களை எம்விஎஸ்ஸோடு ஒரே பொதியாகக் கட்டி, 1996 மார்ச்சில் 'ஓஎஸ்/390' என்று கொடுத்தார்கள். 2000 அக்டோபரில் 64 பிட் முகவரி கொண்ட இசட்சீரிஸ் இயந்திரங்களை அறிவித்தார்கள். அவற்றுக்கான இயங்குதளம் 2001 மார்ச்சில் 'இசட்/ஓஎஸ்' ஆக வந்தது. நிற்கும் நேரம் பூஜ்யம் என்பதைக் குறிக்கத்தான் அந்த இசட். இங்கே சாய்கோட்டைப் பாருங்கள்: ஓஎஸ்/360-இலும் ஓஎஸ்/390-இலும் இயந்திரம் கோட்டுக்குப் பின்னால் இருந்தது, இசட்/ஓஎஸ்ஸில் அது முன்னால் வந்துவிட்டது. இசட்/விஎம், இசட்/டிபிஎஃப் எல்லாம் அதே அச்சில் வார்த்தவை.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்குவது கடினமில்லை. நம் ஊர் நிலம் ஒன்றின் பத்திரங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 1965-க்கு முந்தையதில் சேலம் மாவட்டம் என்று இருக்கும். அந்த ஆண்டு அக்டோபர் 2-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்ததால், அதற்குப் பிந்தையதில் தருமபுரி. 2004 பிப்ரவரி 9-க்குப் பிறகு எழுதியதில் கிருஷ்ணகிரி. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எம்விஎஸ், ஓஎஸ்/390, இசட்/ஓஎஸ் மூன்றும் அந்த மூன்று மாவட்டப் பெயர்கள். ஆனால் இயங்குதளம் இடையில் வளர்ந்தும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். எம்விஎஸ் என்ற பெயரும் அழிந்துவிடவில்லை. இசட்/ஓஎஸ்ஸின் மையப் பகுதியை ஐபிஎம் கையேடுகள் இன்றும் எம்விஎஸ் என்றுதான் குறிப்பிடுகின்றன.

வெளியீட்டு எண்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஓஎஸ்/390-இன் கடைசி வெளியீடு 2.10. இது 'இரண்டாம் பதிப்பு, பத்தாம் வெளியீடு' என்று பொருள்படும். தசம எண் அல்ல. அதனால் 2.10 என்பது 2.9-க்கு அடுத்தது. அதை அடுத்து வந்தது இசட்/ஓஎஸ் 1.1! பெயர் மாறியதும் எண் முதலிலிருந்து தொடங்கிவிட்டது. எண் குறைந்திருக்கிறதே என்று அதைப் பழையதாக எண்ணிவிடக் கூடாது. இசட்/ஓஎஸ் 1.13 வந்தது 2011-இல், 2.1 வந்தது 2013-இல், 2.5 வந்தது 2021-இல், 3.1 வந்தது 2023-இல். அலுவலகத்தில் 2.5-ஐ 'வி2ஆர்5' என்று சொல்வார்கள். பதிப்பு 2, வெளியீடு 5 என்று பிரித்து எழுதும் முறை அது.

இன்னொரு கிளையையும் சொல்லிவிடுகிறேன். டாஸ்/360-இன் வழிவந்தது டாஸ்/விஎஸ், பிறகு டாஸ்/விஎஸ்இ, விஎஸ்இ/இஎஸ்ஏ, இசட்/விஎஸ்இ என்று நடந்து, 2023-இல் ஐபிஎம்மின் ஆதரவு முடிந்தது. விஎம் என்ற கிளை, ஒரே இயந்திரத்துக்குள் பல இயந்திரங்கள் இருப்பதுபோல் நடத்திக் காட்டுவது. இன்று கிளவுட் என்று பேசப்படும் பலவற்றின் அடிப்படை எண்ணம் அங்கே 1960களிலேயே வேலை செய்துகொண்டிருந்தது. விமான முன்பதிவுக்காகப் பிறந்தது டிபிஎஃப். புதிதாக வருபவர்கள் முதலில் இசட்/ஓஎஸ் கிளையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

மூன்று எழுத்துகளில் முகவரி

வெளியே இருக்கும் பெயர்களை விற்பனைப் பிரிவு மாற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே இருக்கும் பெயர்களை யாரும் மாற்றவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் உண்மையாகவே கைகொடுப்பவை இந்த உள்பெயர்கள்தான் என்பதால் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

இசட்/ஓஎஸ்ஸில் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்றெழுத்து முன்னொட்டு உண்டு. வேலைகளை நடத்தும் பகுதிக்கு ஐஇஎஃப். தரவுத் தொகுப்புகளை நகலெடுக்கும் சிறு கருவிகளுக்கு ஐஇபி. கோபோல் மொழிமாற்றிக்கு (கம்பைலர்) ஐஜிஒய். பயனர்களின் பரிமாற்றங்களை உடனுக்குடன் நடத்தும் சிஐசிஎஸ்ஸுக்கு டிஎஃப்எச். டிபி2 தரவுத்தளத்துக்கு டிஎஸ்என். பாதுகாப்பைக் கவனிக்கும் ஆர்ஏசிஎஃப்புக்கு ஐசிஎச். திரையில் ஒரு செய்தி வந்ததும் முழுவதையும் வாசிக்கும் முன்பே, முதல் மூன்று எழுத்துகளைப் பார்த்தால் அதைப் பேசுவது யார் என்று தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஐஇஎஃப்450ஐ என்று ஒரு செய்தி வருகிறது. ஐஇஎஃப் என்றால் வேலை நிர்வாகம். 450 என்பது செய்தி எண். கடைசியில் நிற்கும் ஐ, இது தகவல் மட்டும் என்கிறது. அந்த இடத்தில் ஏ இருந்தால் நீங்கள் ஏதோ செய்ய வேண்டும். டி இருந்தால் முடிவெடுத்துப் பதில் சொல்ல வேண்டும். இந்தச் செய்தியோடு 'அபெண்ட்=எஸ்0சி7' என்று ஒட்டிக்கொண்டு வரும். அபெண்ட் என்றால் வேலை பாதியில் முறிந்துவிட்டது. எஸ் என்ற எழுத்து, முறித்தது இயங்குதளம் என்கிறது. நிரலே தன்னை முறித்துக்கொண்டிருந்தால் யு என்று இருக்கும். 0சி என்று தொடங்கினால் வன்பொருள் எழுப்பிய நிரல் தடை. கடைசி 7 அந்தத் தடையின் வகை: தரவுப் பிழை. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ இருக்கிறது என்று பொருள். தொகை எழுத வேண்டிய இடத்தில் வெற்றிடங்கள் வந்து உட்கார்ந்திருக்கும். அதே இடத்தில் 4 இருந்தால், தொடக்கூடாத நினைவகத்தை நிரல் தொட்டிருக்கிறது. ஐந்தாறு எழுத்துகளுக்குள் யார், எங்கே, ஏன் மூன்றும் அடங்கிவிட்டன. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிரித்துப் பார்க்கப் பழகினால் போதும்.

ஐஇஎஃப்பிஆர்14 என்ற நிரலையும் சொல்லியாக வேண்டும். எதுவுமே செய்யாத நிரல் அது. ஆனாலும் உலகமெங்கும் நாள்தோறும் ஓடுகிறது. ஏதாவது ஒரு நிரலை ஓட்டினால்தான் ஜேசிஎல்லில் கோப்பை உருவாக்கவோ அழிக்கவோ முடியும் என்பதால், ஒன்றும் செய்யாமல் திரும்பி வரும் நிரல் ஒன்று தேவைப்பட்டது. பெயரிலேயே முழு நிரலும் இருக்கிறது: ஐஇஎஃப் முன்னொட்டு, பிஆர் 14 என்பது '14-ஆம் ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) உள்ள முகவரிக்குப் போ' என்ற கட்டளை. அழைத்தவருக்குத் திரும்பிச் செல்லும் முகவரி 14-இல்தான் இருக்கும். ஆகவே வந்ததும் திரும்பிவிடும். அந்த ஒற்றைக் கட்டளை நிரலிலும் பிழை இருந்தது. வேலை நல்லபடி முடிந்ததா என்பதை 15-ஆம் ரெஜிஸ்டரில் சொல்ல வேண்டும்; நிரலோ அதைத் தொடவே இல்லை. அதில் முன்பே கிடந்த ஏதோ ஓர் எண் முடிவுக் குறியாகப் போய், நல்லபடி முடிந்த வேலையும் தவறியதாகத் தெரிந்தது. 15-ஐப் பூஜ்யமாக்கும் இரண்டாவது கட்டளையைச் சேர்த்துத் திருத்தினார்கள்.

பத்திரிகைகள் எழுதுவதும் விடுவதும்

இனி செய்திகளுக்கு வருவோம். மெயின்ஃபிரேம் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளை நான் கவனித்து வருகிறேன். அவற்றில் முதலாவது, இயந்திரத்தையும் இயங்குதளத்தையும் ஒன்றாக்குவது. சிஸ்டம்/390 என்பது இரும்புப் பெட்டி. ஓஎஸ்/390 என்பது மென்பொருள். இரண்டும் பெயரில் ஒட்டிப் பிறந்தவைபோல இருப்பதால், செய்தியாளர் ஒன்றை எழுதி இன்னொன்றைச் சொல்லிவிடுகிறார். ஐபிஎம்மும் உதவவில்லை. இயந்திரக் குடும்பத்துக்கு 2000-இல் இசட்சீரிஸ், 2006-இல் சிஸ்டம் இசட், 2015-இல் இசட் சிஸ்டம்ஸ், 2017-இல் ஐபிஎம் இசட் என்று பெயர் மாற்றிக்கொண்டே போனது. இசட்14, இசட்15, இசட்16, 2025-இல் அறிவித்த இசட்17 எல்லாம் இயந்திரங்கள். இசட்/ஓஎஸ் 2.5, 3.1 எல்லாம் இயங்குதளம். சாய்கோடு இருந்தால் மென்பொருள், கோடில்லாமல் எண் ஒட்டியிருந்தால் இயந்திரம் என்று இந்தத் தலைமுறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஆண்டுக் குழப்பம். ஐபிஎம் ஒரு பொருளை அறிவிக்கும் நாள் வேறு, வாடிக்கையாளர் கையில் கிடைக்கும் நாள் வேறு. பத்திரிகை அறிவிப்பு நாளை எழுதும். பயனர் கிடைத்த நாளை நினைவில் வைத்திருப்பார். அதனால்தான் இசட்/ஓஎஸ் பிறந்தது 2000 என்று ஒரு கட்டுரையும் 2001 என்று இன்னொரு கட்டுரையும் சொல்கின்றன. இரண்டும் பொய்யல்ல.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வருத்துவது: மரண அறிவிப்பு. ஒருகாலத்தில் பத்திரிகைகள் மெயின்ஃபிரேமை வியந்து எழுதின. 1966-இல் ஃபார்ச்சூன் இதழ், சிஸ்டம்/360-ஐ ஐபிஎம்மின் 500 கோடி டாலர் சூதாட்டம் என்று வர்ணித்தது. அவ்வளவு பெரிய முதலீடு, அவ்வளவு பெரிய துணிச்சல். இருபத்தைந்து ஆண்டுகளில் காற்று திரும்பியது. தனிநபர் கணினிகள் பரவின; மெயின்ஃபிரேமுக்கு டைனோசர் என்று பெயர் சூட்டினார்கள். 1991-இல் இன்ஃபோவேர்ல்ட் இதழில் ஸ்டூவர்ட் ஆல்சாப் என்ற புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர், உலகின் கடைசி மெயின்ஃபிரேம் 1996 மார்ச் 15 அன்று நிறுத்தப்படும் என்று தேதியோடு எழுதினார். அந்த மார்ச் மாதத்தில்தான் ஓஎஸ்/390 வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது. ஆல்சாப் நேர்மையானவர். தன் கணிப்பு பொய்த்ததைப் பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தான் எழுதிய வார்த்தைகளைத் தானே தின்பதுபோன்ற அவருடைய படத்தை ஐபிஎம் தன் ஆண்டறிக்கையில் வெளியிட்டது. 2003-இல் ஐபிஎம் வெளியிட்ட இசட்990 இயந்திரத்துக்கு உள்வட்டத்தில் வைத்த பெயர் டி-ரெக்ஸ். டைனோசர் என்றவர்களுக்கு டைனோசர் பெயராலேயே கொடுத்த பதில்.

நான்காவது, பழி சுமத்துவது. இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் பெரியவர்கள் "அது செத்துப்போன தொழில்நுட்பமாமே" என்று கேட்பது இத்தகைய தலைப்புகளைப் படித்துவிட்டுத்தான். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலை இழந்தவர்கள் உதவித்தொகைக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பித்தபோது அமெரிக்காவின் பல மாநில அமைப்புகள் திணறின. நியூஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபோல் தெரிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அறுபது வயதான மொழி மாநிலத்தையே முடக்கிவிட்டது என்ற பொருளில் உலகெங்கும் தலைப்புகள் வந்தன. ஆனால் அதே வாரங்களில் புளோரிடாவின் அமைப்பும் மோசமாக முடங்கியது. அது 2013-இல்தான் புதிதாகத் தொடங்கப்பட்டது. மொழியின் வயதுதான் காரணம் என்றால் புதியது ஏன் விழுந்தது? எதிர்பாராத கூட்டம், விண்ணப்பம் வாங்கும் இணையதளம், விதிகள் திடீரென மாறியது, பராமரிக்க ஆளும் பணமும் ஒதுக்காமல் விட்டது என்று அடுக்கடுக்காகக் காரணங்கள் இருந்தன. தலைப்பில் இடம் பிடித்தது கோபோல் மட்டுமே.

2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமத்தில் நடந்தது இன்னொரு பாடம். 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலரால் தங்கள் பணத்தைத் தொட முடியவில்லை. 'கணினிக் கோளாறு' என்று செய்திகள் வந்தன. மெயின்ஃபிரேம் என்ற சொல்லும் அடிபட்டது. உண்மையில் கோளாறு தொடங்கியது, இரவில் எந்த வேலை எதற்குப் பிறகு ஓட வேண்டும் என்று வரிசைப்படுத்தும் மென்பொருளின் மேம்படுத்தலில். அதில் சிக்கல் தெரிந்ததும் பழைய பதிப்புக்குத் திரும்ப முயன்றார்கள். அது புதிய பதிப்போடு ஒத்துப்போகாததால் சிக்கல் பெரிதாகியது. அந்த மாற்றத்தை முன்கூட்டியே சரியாகச் சோதிக்கவில்லை என்பதற்காக 2014-இல் ஒழுங்குமுறை அமைப்புகள் 5.6 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. இரும்பும் இயங்குதளமும் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன.

இம்மாதிரிச் செய்தி கண்ணில் பட்டால் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: விழுந்தது எந்த அடுக்கு? இயந்திரமா, இயங்குதளமா, வரிசைப்படுத்தும் மென்பொருளா, வங்கி எழுதிய நிரலா, வெளியே தெரியும் இணையதளமா? செய்தியில் அதற்குப் பதில் இல்லை என்றால், எழுதியவருக்கு இன்னும் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர் வங்கிக் கிளையில் "சர்வர் டவுன்" என்று அட்டை தொங்கும்போதும் இதே கேள்வி பொருந்தும். அங்கே மெயின்ஃபிரேமைத் திட்டுவதற்கு வாய்ப்பு குறைவு. இந்திய வங்கிகளில் பெரும்பாலானவற்றின் கோர் பேங்கிங் ஓடுவது யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில்.

பிற வீடுகளின் பெயர்கள்

ஐபிஎம் மட்டுமே மெயின்ஃபிரேம் செய்ததில்லை. பரோஸ் நிறுவனத்தின் எம்சிபி, யூனிவாக்கின் எக்ஸெக் 8 இரண்டும் 1960களில் தோன்றியவை. 1986-இல் பரோஸும், யூனிவாக்கை வைத்திருந்த ஸ்பெரியும் இணைந்து யூனிசிஸ் ஆன பிறகும் இரண்டு இயங்குதளங்களையும் தனித்தனியாகவே காப்பாற்றி வருகிறார்கள். எம்சிபிக்கு அதே பெயர். மற்றதன் இன்றைய பெயர் ஓஎஸ் 2200. ஜெர்மனியில் சீமென்ஸ் வளர்த்த பிஎஸ்2000 பின்னர் ஃபுஜிட்சுவிடம் போனது.

பெயர் மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஜீகாஸ். 1970-இல் அந்த நிறுவனம் தன் கணினித் தொழிலை ஹனிவெல்லுக்கு விற்றது. பெயரில் 'எலெக்ட்ரிக்' என்பதைக் குறித்த எழுத்தை ஹனிவெல் எடுத்துவிட்டது; ஜீகாஸ், ஜிகாஸ் ஆயிற்று. ஆனால் அதற்குள் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் எழுதிக்கொண்டிருந்தவர்கள், அச்சிடுவது போன்ற வேலைகளை அந்த இயந்திரத்துக்கு அனுப்பி வந்தார்கள். அதற்குத் தேவையான அடையாளத்தை யூனிக்ஸின் பயனர் பட்டியல் கோப்பில் ஒரு பத்தியில் வைத்தார்கள். அந்தப் பத்திக்குப் பழைய பெயரே நிலைத்துவிட்டது. இன்று கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் எந்த லினக்ஸ் கணினியிலும் பயனர் பட்டியல் கோப்பைத் திறந்து, முக்காற்புள்ளிகளால் பிரித்த ஐந்தாவது பத்தியைப் பாருங்கள். பயனரின் முழுப்பெயர் எழுதும் இடம் அது. கையேட்டில் அந்தப் பத்தியின் பெயர் ஜீகாஸ் என்றே இருக்கும், எடுத்துவிட்ட எழுத்தோடு சேர்த்து.

அதே ஆய்வகத்தில் டெபியன் லினக்ஸின் பதிவிறக்கப் பக்கத்தையும் திறக்கலாம். எந்தெந்த வகைக் கணினிகளுக்கு அது கிடைக்கிறது என்ற பட்டியலில் எஸ்390எக்ஸ் என்று ஒன்று இருக்கும். இசட்17 போன்ற இன்றைய மெயின்ஃபிரேம்களுக்கான லினக்ஸ் அதுதான். லினக்ஸை மெயின்ஃபிரேமில் ஓட்டத் தேவையான நிரல்களை 1999 இறுதியில் ஐபிஎம் வெளியிட்டபோது இயந்திரத்தின் பெயர் சிஸ்டம்/390 ஆக இருந்தது. அதற்குப் பிறகு விற்பனைப் பெயர் நான்கு முறை மாறிவிட்டது. லினக்ஸ் எழுதுபவர்கள் தங்கள் பட்டியலைத் திருத்தவில்லை, எக்ஸ் என்ற ஓர் எழுத்தைச் சேர்த்து 64 பிட் என்று குறித்துக்கொண்டதோடு சரி.